என் நோட்டில் இல்லாத ஒருவர்

12 ஆகஸ்ட் 1999, வியாழன்

இன்று எழுத வேண்டியவை:
1. காலையில் கேட்டுப் போன வேலை கிடைக்கவில்லை.
2. என் வலைப்பக்கத்தை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.
3. இந்த முயற்சியை விட்டுவிடலாம்.

பம்பு கம்பெனி மேலாளர் மரியாதையாகத்தான் சொன்னார். "உங்க வயசுக்கு ஊட்ல ரெஸ்ட் எடுக்கலாமுங்க." மில் மூடிய பிறகு இது ஆறாவது இடம்.

அங்கிருந்து காந்திபுரம் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கடைகளுக்கு வலைப்பக்கம் செய்து தருவதாக நானே செய்து போட்ட விளம்பரப் பக்கத்தைத் திறந்தேன். அதை எத்தனை முறை திறந்திருக்கிறார்கள் என்று அடியில் ஓர் எண் காட்டும். இருபத்துமூன்று. சென்டர் நடத்தும் சாந்தாமணி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், நீங்களே தொறந்து தொறந்து நம்பரை ஏத்திப்போட்டீங்களாட்ட இருக்குது!"

"நீ ஒருக்கா தொறந்து பாத்தயா, அம்மணி?"

"எனக்கு எங்கீங்க நேரம்?"

நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

நான் திறந்த ஒவ்வொரு முறையையும் சட்டைப்பை நோட்டில் குறித்து வருகிறேன். இப்போது, இன்று திறந்ததையும் சேர்த்து எண்ணினேன். இருபத்திரண்டு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டுதான்.

யாரோ ஒருவர் வந்திருக்கிறார். கைதவறி வந்தவராகவும் இருக்கலாம். தாராபுரத்தில் ஒரு கடைக்காரராகவும் இருக்கலாம். என் தொலைபேசி எண் பக்கத்தின் கடைசியில்தான் இருக்கிறது. அதுவரை படித்தாரா? மேலேயே போட்டிருக்க வேண்டும்.

போனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்திருக்கிறேன். மூன்றாவதைப் பற்றி இன்று எழுதப்போவதில்லை. இரண்டாவதாக எழுதியது தவறு.