நான் விழுங்கிய நாலு பக்கம்

கடலூர், 12.2.2008, செவ்வாய்

மூன்று வாரமாக அதே இடத்தில் நிற்கிறேன். ஃபின்லாந்து நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு. நாயகி பனியில் நடந்து நீராவிக் குளியலறைக்குள் போய், தன்னந்தனியாகப் பிள்ளை பெறுகிறாள். நாலு பக்கமும் ரத்தம், மலம், நஞ்சுக்கொடி. இங்கிலீஷில் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. தமிழில் எழுத உட்கார்ந்தால் குமட்டுகிறது. டீச்சர் வேலையை விட்டுவிட்டு இதையே பிழைப்பாக எடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.

14.2.2008

தாண்டிவிட்டேன். ‘விடிந்தபோது அவள் கையில் குழந்தை இருந்தது’ என்று அந்த நாலு பக்கத்துக்கும் பதிலாக ஒரு வரி நானே போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

சிதம்பரம், 3.8.2008

புத்தகத்துக்கு விமர்சனக் கூட்டம். பேராசிரியர் சிவசுப்ரமணியன் ஒரு மணி நேரம் பேசினார். “மூலத்துல ஒரு சொல் விடல!” மூலத்தின் அட்டையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நானும் மேடையில் பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூ!

கடலூர், 21.9.2008

பெண்ணாடத்திலிருந்து கடிதம். கொளஞ்சியம்மாள், பிரசவ வார்டு நர்ஸாம். ‘உள்ளே போனவள் எப்படிப் பெற்றாள்? கொடியை யார் அறுத்தது? என் புத்தகத்தில் மட்டும் பக்கம் விட்டுப்போய்விட்டதா மேடம்?’

இவர் ஒருத்தர்தான் படித்திருக்கிறார்.

22.9.2008

பதிப்பாளர் அந்தோணிசாமி போன் செய்தார். நாவலுக்குப் பரிசாம் — மூலத்துக்கு உண்மையாக இருந்ததற்காக! நடந்ததைச் சொன்னேன்.

“அட விடுங்க மேடம். அவுங்க என்ன பக்கம் பக்கமாவா பாக்கப் போறாங்க? வெளிய சொன்னா அப்புறம் யாரும் உங்கள நம்பி புக் குடுக்க மாட்டாங்க.”

அதுவும் நிஜம்தான். வேறு என்ன வேலை தெரியும் எனக்கு? சொல்லாமல் இருந்தால் மட்டும் அந்த நர்ஸ் முகத்தில் எப்படி முழிப்பது?

5.10.2008

ஒருவழியாக நாலு பக்கத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு பெண்ணாடம் போனேன். கொளஞ்சியம்மாள் வார்டு வாசலில் நின்றபடியே படித்தார்.

“இதுல அசிங்கம் எங்க மேடம் இருக்கு? நாங்க தெனம் பாக்கறதுதான? நீங்களும் இப்படித்தான பொறந்தீங்க?”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

சிதம்பரம், 19.10.2008

பரிசளிப்பு விழாவில் சொல்லிவிட்டேன். மைக் முன்னால் நின்று, நாலு பக்கத்தை விழுங்கினேன், பொய்யாக ஒரு வரி எழுதினேன், இந்தப் பரிசு எனக்கு வேண்டாம் என்று. அப்பாடா என்றிருந்தது.

பேராசிரியர் மைக்கைப் பிடுங்கினார். “பாத்தீங்களா, என்ன ஒரு தன்னடக்கம்! இதுதான்யா நேர்மை!”

ஒரே கைதட்டல். சீ! ஷீல்டை மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

அதற்கும் தட்டினார்கள்.