பதினோரு நிமிடம் ஓடிய இன்ஜின்

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. நாங்கள் இருவரும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்தைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்திருக்கும். நாலு வருஷமாக உன்னோடு பேசாத உன் அம்மாதான் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, இதை வேறு யாரையும் எழுதச் சொல்ல மனமும் வரவில்லை. நான் சொல்வதில் ஒரு சொல்லையும் விட்டுவிடாதே என்று பேனாவைக் கொடுத்திருக்கிறேன். என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

சின்னவனின் பந்தய பைக் இன்ஜினைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன், எடைக்குப் போடச் சொல்லி இவள் எத்தனை முறை கத்தியும் போடவில்லை. அன்று மூன்றாவது சுற்றில் பிஸ்டன் இறுகிப் பிடித்து, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, பிள்ளை சுவரில் போய் விழுந்தான். வேகத்துக்காக கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டை ஒரு நம்பர் சின்னதாகப் போட்டது நீ. பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறிவிட்டது, எல்லாம் என்னால்தான் என்று நீயே சொன்னாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா, தம்பிய கொன்னுட்டியேடா என்றாள். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனாய். இப்போது ஸ்பானரையே தொடுவதில்லை, கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறாய் என்று உன் மாமா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஜெட்தான் காரணமா என்று ஓட்டிப் பார்த்துவிடத் தோன்றியது.

பட்டறையில் பழைய இரும்புக் கட்டிலை அறுத்து ஒரு ஸ்டாண்டு அடித்தேன். வெறும் இன்ஜினை ஓட்டினால் ஒன்றும் தெரியாது, பாரம் வேண்டும். அதனால் ஒரு கார் பிரேக் டிரம்மை செயினில் கோத்து, பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்த ஒரு கைப்பிடி வைத்தேன், டிரம் சூட்டுக்கு மேலே தண்ணீர் டப்பா. முதல் நாள் இன்ஜின் ஆட்டின ஆட்டத்தில் ஸ்டாண்டு தானாக வாசல்வரை நடந்துவிட்டது. பக்கத்து லேத்துக்காரன், அண்ணே, புடிங்க, கோவிச்சிக்கிட்டு வீட்ட விட்டுப் போவுது என்றான். பிறகு தரையில் போல்ட் இறக்கி சிமெண்டு போட்டோம். சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டதோடு சரி, கார்புரேட்டரை நான் தொடவே இல்லை. நீ போட்ட அதே ஜெட். பெட்ரோலில் கலக்க லேத்துக்காரன் புது எண்ணெய் வாங்கிவந்தான். ஒரு மணி நேரம் முழுப் பாரத்தில் ஓடியது மகனே, ஒரு இருமல் இல்லை.

ஆனால் அவன் வாங்கிவந்த டின் பச்சை. பந்தய எண்ணெய் சிவப்பு டின் இல்லையா என்றேன். நாலஞ்சு வருஷமா பச்சைதாண்ணே, செவப்பு இப்ப கார் எண்ணெய்க்கு, பெட்ரோல்ல கலக்க ஆகாது என்றான். படிக்கத் தெரியாதவன் நாற்பது வருஷமாக நிறத்தை வைத்தே எண்ணெய் வாங்கினேன், கடைக்காரனிடம் படித்துச் சொல்லச் சொல்ல வெட்கம். பந்தயத்தன்று கலந்ததில் மீந்த சிவப்பு டின் அலமாரியில் அப்படியே இருந்தது. மறுநாள் அதைக் கலந்து ஓட்டினேன். பதினோராவது நிமிடம் ஒரு கிறீச்சல், இன்ஜின் நின்றுவிட்டது. உன் ஜெட் இல்லையடா. அன்று எண்ணெய் கலந்தது நான்.

இந்த இடத்தில் உன் அம்மா பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுப்படியில் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி மறுபடி தேய்க்கும் சத்தம் கேட்டது. அரை மணி கழித்து வந்து உட்கார்ந்து, சொல்லுங்க, எழுதறேன் என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனி சொல்ல என்ன இருக்கிறது. நான் சுமக்க வேண்டியதை நாலு வருஷம் நீ சுமந்துவிட்டாய், இறக்கி வை. கையில் ஸ்பானரை எடு. உனக்குக் காது வலி வரும், குளிரில் பஞ்சு வைத்துக்கொள், மறக்காதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா, பெருவிரல் ரேகை.

இது அம்மா. அன்று சொன்னதை மறந்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நாலு நாளாக இவருக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. சாப்பிடச் சொல்லி நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. நீ வந்து சொல்.