நிலவறையில் பதினொரு பேர்

14.03.2024
முன்னரங்கு

அன்புள்ள அக்கா,

சுகமோ? என்ரை போனைப் பறிச்சுப்போட்டினம். காயப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போற நேபாளி ஒராள் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார். நீயும் அவற்றை நம்பருக்கே எழுது, போய்வாற ஆக்களிட்டைக் குடுத்துவிடுவார். ரஷ்யாவில ஹோட்டல் வேலை, பிறகு இத்தாலி எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னது முழுப்பொய். உக்ரைன்காரரோடை சண்டைக்கு விட்டிட்டாங்கள். பெரிய நாடுகள் பிய்ச்சுப் பங்குபோடுற மண்ணுக்கு நாங்கள் ஏன் சாகவேணும்? பள்ளிக்கூடமொண்டின்ரை நிலவறையில பதினொரு பேர் இருக்கிறம். உன்ரை மேல்வீட்டுச் சூசையம்மா அன்ரியின்ரை மகன் றோபேட்டும் என்னோடைதான். சுகமெண்டு சொல்லு. மற்றப் பக்கம் போய்ச் சரணடைய வழி இருக்கோ, விசாரி. ஊர்ப்பேர் பின்பக்கத்தில. அதை ஒருத்தருக்கும் காட்டாதை.

தம்பி
கொட்வின்

27.03.2024
பலெர்மோ

என்ரை செல்லத் தம்பி,

அழுது முடியேல்லை. ஏன்ரா முதலே சொல்லேல்லை? கபோச் சந்தையில காசைக் குடுத்திட்டு மீனை எடுக்காமல் வந்தனான். வழி தேடுறன். நல்ல இடத்திலதான் கேட்டிருக்கிறன், யோசியாதை. சூசையம்மா அன்ரி றோபேட்டுக்காக நேர்த்தி வைச்சு சாந்தா ரோசாலியா மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடை ஏறினவ. சாப்பாடு கிடைக்குதோ?

அக்கா
அகஸ்ரீனா

11.04.2024

அக்கா,

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குச் செல் அடிச்சாங்கள். நான் தண்ணி எடுக்கப் போனதால இருக்கிறன். எட்டுப்பேர் முடிஞ்சிது. றோபேட்டும். ரெண்டு மாதமாய் அந்த இடத்தில ஒண்டும் விழேல்லை. ஊர்ப்பேரை நான் எழுதினது உனக்கு மட்டும். ஆருக்குச் சொன்னனீ?

கொட்வின்

28.04.2024
பலெர்மோ

தம்பி,

பொய் எழுதத்தான் பேனையை எடுத்தனான். ஏலாமல் கிடக்கு. ஒக்சானாவுக்குச் சொன்னனான். நான் பராமரிக்கிற கிழவி, சிஞ்ஞோரா வீட்டில என்னோடை வேலை செய்யிற உக்ரைன் மனுசி. ரெண்டு வருசமாய் ஒரே குசினியில நிண்டனாங்கள். அவவின்ரை மகன் அந்தப் பக்கத்து ஆமியில. உங்களைச் சுடாமல் பிடிக்கச் சொல்லுவான் எண்டு நம்பி, நானே ஊர்ப்பேரை எழுதிக் குடுத்தன்.

உன்ரை கடிதம் வந்தாப்பிறகு கேட்டன். மகனுக்கு அனுப்பினவவாம், அவன் என்ன செய்தானெண்டு கேக்கேல்லையாம். "உன்ரை தம்பியின்ரை கையிலயும் துவக்குத்தானே இருந்தது?" எண்டா. அடுத்த நாளும் ரெண்டுபேருமாய்த்தான் சிஞ்ஞோராவைக் குளிக்க வாத்தனாங்கள்.

சூசையம்மா அன்ரி வேலையால வந்து, கடிதம் வந்ததோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறா. இல்லையெண்டு சொல்லுறன். நீ என்னைக் கொலைகாரி எண்டாவது எழுதடா.

அக்கா

19.06.2024
பலெர்மோ

கொட்வின்,

அந்த நேபாளியின்ரை நம்பர் இப்ப வேலை செய்யேல்லை. இதையும் அனுப்பிப் பாக்கிறன். நேற்று அன்ரிக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். அடிப்பா எண்டு நினைச்சன். அடிக்கேல்லை. எழும்பிப் போகேக்கை, "உன்ரை தம்பியாவது இருக்கிறானோ, பிள்ளை?" எண்டு கேட்டா.

தெரியாது எண்டு சொன்னன்.

அக்கா