கோயில் இஞ்சின் இந்த வருசமும் ஓடியது

என் அன்பான என்னங்க,

உங்களை நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் எதற்குப் புதுப் பழக்கம்? ஊர் உங்களை மணியண்ணே என்று சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு நீங்க என்னங்கதான்.

முதலில் நல்ல செய்தி. கோயில் இஞ்சின் இந்த வருசமும் ஓடியது. கடைசிப் பந்தி கை கழுவுகிறவரை ஓடியது. ஓட வைத்தது யார் தெரியுமா? உங்க பொண்டாட்டி. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். தற்பெருமை பேசுகிறாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

நீங்க போனதிலிருந்து நம்ம ஒர்க்‌ஷாப்பைப் பற்றி ஈப்போ முழுக்க ஒரே கவலை. சாமான் வாங்கப் போகிற இடத்திலெல்லாம் "இன்னும் கடைய தொறந்துதான் வச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்கிறார்கள். மூடிவிட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? நம்ம மகள் கவிதா கோலாலம்பூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அதே பாட்டு. "எல்லாத்தையும் வித்துட்டு எங்கூட வந்துரும்மா. அப்பா இல்லாம நீ எப்படி இஞ்சின் பார்ப்ப?"

எப்படிப் பார்ப்பேனா? கல்யாணத்துக்கு முன்னாலேயே கையுறை ஃபேக்டரியில் மெஷின்களைக் கட்டி மேய்த்தவள் நான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஜெனரேட்டர்களைக் கழற்றிப் பூட்டிய வருசங்களில் எத்தனை சண்டை! நீங்க வால்வு என்பீங்க, நான் நாசில் என்பேன். பாதி நேரம் நான் சொன்னதுதான் சரி. இப்போதாவது ஒத்துக்கொள்வீங்களா?

ஆனாலும் மகள் கேட்டது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. தாப்பாவில் நம்ம பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் தன் ஜெனரேட்டரைச் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடைக்கு ஏற்றி அனுப்பினார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் கவிதாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். திருவிழாவன்று கோயில் இஞ்சின் ஒழுங்காக ஓடினால் கடை என் கையில் இருக்கும். நின்றுபோனால் கடையை விற்றுவிட்டு அவளோடு போய்விடுவேன். அவசரக்குடுக்கை என்று நீங்க திட்டுவது கேட்கிறது.

பத்து காஜா டவுன் பக்கத்து நம்ம பழைய தோட்டத்தில் இப்போது பால் வெட்ட ஒரு கித்தா மரம்கூட இல்லை. எல்லாம் எண்ணெய்க்குப் போட்ட செம்பனை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். மாரியம்மன் இருக்கிறாள், அவளுக்குத் துணையாக அந்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சின் இருக்கிறது. கரண்டு லைனை எப்போதோ வெட்டிவிட்டதால் விளக்கு, மைக், கிணற்று மோட்டார் எல்லாவற்றுக்கும் அதுதான் கதி. நீங்க இருந்தவரை ஒரு திருவிழாவிலும் அது நின்றதில்லை.

உங்க வருசத் திதியைக் கொஞ்சம் முன்கூட்டியே கொடுத்துவிட்டதால் நான் கோயிலுக்குள் போகத் தடையில்லை. திருவிழாவுக்கு முதல் நாளே போய் எண்ணெய் மாற்றி, டேங்க்கை நிரப்பி, ஓட்டிப் பார்த்தேன். கடிகாரம் மாதிரி ஓடியது. மறுநாள் காலையில் கவிதாவோடு இஞ்சின் கொட்டகைக்குப் போனேன். கோயில் தலைவர் கோபாலண்ணன் வீட்டு அக்கா, பெண்களைச் சேர்த்துக்கொண்டு இஞ்சினை மணப்பெண் மாதிரி அலங்கரித்திருந்தார். மல்லிகை மாலை, வேப்பிலை, உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம்.

"மணியண்ணே இல்லாத மொத வருசம்லா. அவரு இஞ்சினுக்கு ஒரு கொறயும் வைக்கக் கூடாதுன்னு தோணுச்சு" என்றார்.

நீங்க இருந்தபோது வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஒரே ஒரு பொட்டு, அதையும் நீங்களே வைப்பீங்க. ஏன் என்று யாரும் உங்களைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இஞ்சினைக் கிளப்பினேன். மைக்கில் பாட்டு ஆரம்பித்தது. பால்குடம் எடுப்பவர்கள் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டார்கள். கொஞ்ச நேரம்தான். ஃபேன்கள் மெதுவாகின, பாட்டு இழுத்தது, இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். டேங்க்கில் டீசல் ததும்பியது. குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று அதை வெளியேற்றிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். ஓடியது. மூடியைப் போட்டேன். முன்போலவே கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடியும் மூடியைத் திறந்து டீசலைப் பார்த்துவிட்டு ஃபில்டரை மாற்றினேன். ஓடியது, நின்றது. வெயில் ஏறிவிட்டது. சமையல்காரர்கள் கிணற்றுத் தண்ணீருக்காகக் காலி அண்டாக்களோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோபாலண்ணன் வந்தார். "பம்பு போச்சு போல, தங்கச்சி. ஈப்போவுல வாடகை ஜெனரேட்டருக்குச் சொல்லிரவா? லோரில ஏத்தி உடனே அனுப்பிருவான் லா."

"பால்குடம் ஆத்துலேர்ந்து வர்றதுக்குள்ள ஓடலன்னா சொல்லுங்கண்ணே."

கவிதா பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டாள். "போதும்மா. விட்டுரு." குரலில் கோபமே இல்லை, பாவம் பார்க்கிற குரல். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பார்த்துப் பாவப்பட என்ன இருக்கிறது?

கீழே உட்கார்ந்து யோசித்தேன். பம்பு போயிருந்தால் திரும்பத் திரும்ப எப்படிக் கிளம்பும்? கிளப்பும் முன்னால் நான் தவறாமல் செய்தது என்ன? டீசல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். அவ்வளவுதானே? எழுந்து மூடியில் காதை வைத்து மெதுவாகத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். மூடியின் நடுவில் கடுகளவு ஓட்டை ஒன்று உண்டே? டீசல் இறங்க இறங்க அது வழியாகத்தான் டேங்க்குக்குள் காற்று போக வேண்டும். போகாவிட்டால் டீசலும் இறங்காது, இஞ்சின் பட்டினியில் நின்றுவிடும். அந்த ஓட்டை இருந்த இடத்தில் காசளவுக்கு ஒரு சந்தனப் பொட்டு கெட்டியாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் குங்குமம் வேறு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குத்திவிட்டேன். அக்கா பதறி அழவே ஆரம்பித்துவிட்டார். "ஐயோ, நான்தான்லா வச்சேன்!"

"அவரு மேல வச்ச பாசம்க்கா. கொஞ்சம் தள்ளி வச்சிருக்கலாம்" என்றேன். அழுதுகொண்டிருந்தவரும் சிரித்துவிட்டார்.

கைப்பிடியைச் சுற்ற இரண்டு ஆம்பளைகள் வந்தார்கள். நகருங்க என்று சொல்லிவிட்டு நானே சுற்றினேன். கிளம்பியது பாருங்க! பால்குடம் செம்பனைக் காட்டைத் தாண்டி வந்தபோது கிணற்று மோட்டார் ஓடி, வெறுங்காலோடு நடந்தவர்களுக்காகத் தரையெல்லாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. கோபாலண்ணன் மைக்கைப் பிடித்து, "நம்ம இஞ்சின் நல்லா ஓடுது, எல்லாரும் பந்திக்கு வரலாம்" என்றார். சாயங்காலம்வரை நான் கொட்டகையை விட்டு நகரவில்லை. அம்மனை உள்ளே போய்க் கும்பிடவும் இல்லை. அவள் கோபித்திருக்க மாட்டாள்.

மறுநாள் காலையில் ஆயர் தாவாரிலிருந்து ஒருவர் லோரியில் ஜெனரேட்டர் ஏற்றி வந்தார். தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்திருந்த யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் கறுத்த கையோடு ஓர் இஞ்சினுக்கு முன்னால் குனிந்திருந்தேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். கோலாலம்பூருக்குக் கிளம்பி, பையோடு வாசலில் நின்ற கவிதாவிடம் கேட்டார்.

"மெக்கானிக் இல்லையாம்மா?"

"இருக்காங்களே. அந்தா, எங்கம்மா" என்றாள்.

அவர் நம்பாமல் மறுபடியும் உள்ளே பார்த்தார். கவிதா பையைக் கீழே வைத்தாள். "அண்ணே, அங்க வேற யாரத் தேடுறீங்க? எங்கம்மாதான் மெக்கானிக். அவங்ககிட்டப் பேசுங்க."

என்னங்க, என் மகள் வாயால் அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே அழுதேன். அவளும் நம்புகிற மாதிரி நடித்தாள்.

கடையை மூட மாட்டேன். ஆயர் தாவார் ஜெனரேட்டர் நாளைக்குள் ஓடிவிடும். நாசில்தான் கோளாறு, நீங்க இருந்திருந்தால் வால்வு என்று சண்டைக்கு வந்திருப்பீங்க. என் கைக்கு ஸ்பானரைத் தூக்க முடிகிறவரை நம்ம கடைக் கதவு காலையில் திறக்கும். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் மனைவி,
மெக்கானிக் சரோஜா