மெமோவில் நான் போட்ட கையெழுத்து

என் அன்புத் தங்கை ரஹ்மத்துக்கு,

நேற்று நம் பள்ளியில் உனக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ரஹ்மத் டீச்சரோட புது முறைகளுக்கெல்லாம் ஊக்கம் கொடுத்ததே நான்தாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஊக்கமா? எழுபத்தெட்டில் ஆசிரியர் பயிற்சியில் நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பாடம் அது. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், அவளுடைய நேற்றோடு ஒப்பிடுங்கள், அப்போதுதான் படிக்கும் ஆசை வரும் என்றார்கள். நான் பரீட்சை எழுதிவிட்டு மறந்துபோனேன். நீ ஏழாம் வகுப்புச் சுவரிலிருந்து ரேங்க் பட்டியலை எடுத்துவிட்டு, அவரவர் மதிப்பெண்ணை அவரவரே எழுதிப் பார்க்க ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தாய்.

திருவேட்டக்குடி அஞ்சலை பின்னக் கணக்கில் முதலில் பூஜ்யம். அப்புறம் நாலு. அப்புறம் ஒன்பது. "போன வாரத்து அஞ்சலைய நான் ஜெயிச்சிட்டேன் டீச்சர்!" என்று அவள் கத்தியது என் வகுப்புவரை கேட்டது.

தலைமையாசிரியர் பட்டியலை மறுபடி ஒட்டினார். காலைப் பிரார்த்தனையில் அஞ்சலையை முன்னால் நிறுத்தி, "இவதான் கடைசி. வெக்கம் வந்தாத்தான் படிப்பு வரும்" என்றார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அவளைத் தேடி வீட்டுக்குப் போன உனக்கு, வகுப்பை விட்டுப் போனதாக மெமோ. அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "ஏங்க்கா, நீங்களுமா?" என்று மட்டும் கேட்டாய். நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? ஆறே மாதத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. இனி யார் என்னைத் திட்டுவது?

நேற்று எழுந்தேன். "பொய் சார். நீங்க குடுத்தது ஊக்கமில்ல, மெமோ. அதுல சாட்சிக் கையெழுத்து நான் போட்டது" என்றேன்.

"உக்காருங்க டீச்சர், அதுக்கு இது இடமில்ல."

முன்வரிசையில் குனிந்திருந்த உன் வாப்பா நிமிர்ந்தார். "அவங்க சொல்லட்டுங்க" என்றார்.

ஒன்றுவிடாமல் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஏழாம் வகுப்புக்குப் போய்ப் பட்டியலைக் கிழித்தேன். இன்று காலை எனக்கும் மெமோ வந்தது.

அஞ்சலை இப்போது அம்மாவோடு கடற்கரையில் கருவாடு காயவைக்கிறாள். சாயங்காலம் போய்க் கூப்பிட்டேன். "ரஹ்மத் டீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு நா எதுக்கு வரணும்?" என்றாள்.

நாளையும் போவேன். விரட்டினாலும் போவேன். அவள் பள்ளிக்கு வராவிட்டால், பின்னக் கணக்கை அந்த மணலில் உட்கார்ந்தே சொல்லிக்கொடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பக்கம் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காத அக்கா,
கமலா