அடுப்புச் சுவரில் ஒரு தனிம அட்டவணை

இன்று காலை தாளிக்கும்போது கடுகு வெடித்து, அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் தனிம அட்டவணையில் எண்ணெய் தெறித்தது. ஜிப்லாக் கவருக்குள் இருப்பதால் தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. துணியால் துடைத்தேன். நீ சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்ட கட்டம் பளிச்சென்று தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

இந்த பிளெய்ன்ஸ்பரோ ஊர் நூலகத்தில்தான் இதை இரண்டு பிரதி அச்செடுத்தோம். மேல்வீட்டில் உனக்கு ஒன்று, கீழ்வீட்டில் எனக்கு ஒன்று. கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. உன் மகனின் கலர் பென்சில்களைத் திருடி வந்து, என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் வண்ணம் தீட்டினோம்.

நர்ஸிங்கில் சேர கெமிஸ்ட்ரி முடித்தாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு நான் தலைமுழுகிய பாடம். நீ சேர்ந்த வகுப்புக்கு நீதான் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "எக்ஸாம்ல அவங்களே டேபிள் பிரிண்ட் பண்ணிக் குடுக்கறாங்க. எதுக்குடி மனப்பாடம் பண்ணிச் சாகற? மேலயும் கீழயும் இருக்கறது ஒரே குடும்பம், நம்ம ரெண்டு வீடு மாதிரி. அத மட்டும் பாரு" என்பாய். நீ சொன்ன பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

அந்த செமஸ்டர் பாதியில் உனக்குப் புற்றுநோய்க் கட்டி என்றார்கள். நீ வகுப்பை விட்டாய். உன் வீட்டுக்காரரால் அடிக்கடி லீவு போட முடியவில்லை. வேலை போனால் உங்கள் எல்லோருடைய விசாவும் போய்விடும். அதனால் மருந்து ஏற்றும் நாட்களில் நான்தான் உன்னைக் கூட்டிப்போனேன். "டேபிள எடுத்துட்டு வா, சும்மா உக்காந்து என்ன பண்றது" என்றாய். என் தாளையே சுவரிலிருந்து பிய்த்து எடுத்து வந்தேன்.

மருந்துப் பையில் என்ன இருக்கிறது என்று அங்கிருந்த நர்ஸைக் கேட்டாய். பிளாட்டினம் கலந்தது என்றார். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குக் கூட எங்க வீட்டுக்காரரு பிளாட்டினம் வாங்கித் தரல. இங்க பாரு, நரம்புலயே ஏத்தறாங்க." அப்போது போட்டதுதான் அந்த வட்டம். "இது உள்ள போய் என்ன பண்ணுதுன்னு கிளாஸ்ல கேட்டுட்டு வாடி. எனக்குத் தெரியணும்."

கேட்டேன். அதெல்லாம் இந்தப் பாடத்தில் வராது, அடுத்தடுத்த வகுப்புகளில் வரும் என்றார் பேராசிரியர். உன்னிடம் அதையே சொன்னேன்.

"சரி, நீ அந்த கிளாஸ் போற வரைக்கும் நான் வெயிட் பண்றேன்" என்றாய்.

தலையாட்டினேன். ஆனால் அந்த மருந்து உனக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது. கடைசியில் அதுவும் உனக்கு இறங்கவில்லை. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றிருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மேல்வீட்டில் இப்போது வேறு யாரோ. காலடிச் சத்தம் கேட்டால் இன்னும் தலை நிமிர்ந்து பார்க்கிறேன், மடச்சி.

அந்த வகுப்புக்கு வந்துவிட்டேன். போன வாரம் பாடத்தில் வந்தது. பிளாட்டினம் செல்லுக்குள் போய் டி.என்.ஏ. இழையைக் கவ்விக்கொள்ளுமாம். அந்தச் செல் இரண்டாகப் பிரிய முடியாமல் செத்துப்போகுமாம். அவ்வளவுதான் விஷயம். வாய்ப்பாடு மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்ல இப்போது எனக்கு வரும். படியேறி வந்து யாரிடம் சொல்லட்டும்?