கொட்டகைக் காமெராவில் மணி 1.12

மார்ச் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில். காற்று நின்று ஒரு வாரம் ஆகிறது.

காமெரா வேலை, இரண்டாம் நாள். சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஓடுகிறது, பச்சை விளக்கு மினுக்குகிறது, படம் மட்டும் கருப்பு. மூன்று மணி நேரம் ஏதேதோ மாற்றினேன். கடைசியில் பார்த்தால் ரிப்பன் கேபிளைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். டிப்ளமோ படித்தவன்.

எதற்குக் காமெரா: பின்கட்டுக் கொட்டகையில் தேங்காய் குறைகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் அப்பா எண்ணி அடுக்குவார். இந்த முறை எண்ணிக்கை சரியில்லையாம். யார்மேல் சந்தேகம் என்று கேட்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் வரும் பெயர் மாராத்தாள். இருபத்திரண்டு வருடமாகத் தோட்ட வேலை, மாட்டு வேலை, பின்முற்றம் பெருக்குவது எல்லாம் அவர்தான். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் காணாமல் போனது. அப்போதும் அவர்தான். பிறகு அரிசி டின்னுக்குள் கிடைத்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பா: "புடிச்சுக் குடு. நேரா போலீஸ் ஸ்டேஷன்ல பராதி எழுதிக் குடுத்தர்றேன். அப்பறம் அவ எவன் தோட்டத்துல வேலைக்குப் போறான்னு பாக்கறேன்."

நடக்கும். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் ஒரு வரப்பில் சொன்னால் அடுத்த நாள் எல்லா வரப்பிலும் தெரியும்.

தெரிந்தும் ஏன் செய்கிறேன்? கோவையில் வேலை போய் மூன்று மாதம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்ற பேச்சை நிறுத்த. அதுதான் உண்மை, வேறு எதுவும் இல்லை.

மார்ச் 4, புதன்

அப்பா சொன்னபடி முன் கேட்டைப் பார்த்து மாட்டியாயிற்று. ஆளைக் கண்டால் 'ஆள்' என்று குறித்துக்கொண்டு, மணி போட்டு, சில நொடி வீடியோவாகத் துண்டுப் படம் எடுக்கும். இன்று அது ஆள் என்று குறித்தவை:

பால்காரர்
வாழை இலை (ஆறு முறை)
கொடியில் அம்மாவின் சேலை
நாய்
அப்பா
அப்பாவின் வேட்டி, தனியாக

அம்மா: "உங்கொப்பன விட வேட்டிக்கு மருவாதி அதிகமாட்ட இருக்குது." வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார்.

மார்ச் 6, வெள்ளி

அப்பா மூன்று நாள் படத்தையும் உட்கார்ந்து பார்த்தார். பத்திரிகை படிப்பதைவிடக் கவனமாக.

"பாத்தியா. அவ ஒரு தடவ கூட இதுல உளுகல. தினமும் வேலைக்கு வர்றவ எப்படி உளுகாம வர்றா? காமெரா இருக்குதுன்னு தெரிஞ்சு கள்ளத்தனமா வர்றா."

"இல்லீங்ப்பா. அவங்க பின்னால வழியாத்தான வரோணும்? முன் கேட்டுல காலு வெக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க."

அப்பா போனை என் கையில் திருப்பித் தந்தார்.

"அது வேற." எழுந்துகொண்டே, "அப்ப பின்னாடி மாட்டு."

வாய்க்கால் வரப்பு, மாட்டுத் தொழுவம், கொட்டகை, துவைக்கிற கல். அவ்வளவுதான் மாராத்தாளுக்கு எங்கள் வீடு. பின்வாசல் படிக்கு மேல் ஒரு நாளும் ஏறியதில்லை. விதித்தவருக்கே விதி மறந்துவிட்டது. இதற்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

மார்ச் 7, சனி

பின் சன்னல் கம்பியில் கட்டினேன். கொட்டகை வாசல் முழுக்கத் தெரிகிறது. ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுச் சுவரில் ஒரு ஸ்விட்ச். நெட் பெட்டிக்கும் காமெராவுக்கும் கரண்ட் அதிலிருந்துதான். பழைய சார்ஜர் வேண்டாம், படம் நடுநடுவே உறைகிறது. புதுச் சார்ஜர், தடித்த கேபிள். இப்போது சரி.

மாராத்தாள் துவைக்கிற கல்லருகில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இது என்னங்க சின்னவரே, குருவிக் கூடாட்டம்?"

காமெரா என்று சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கிடைத்துவிட்டது. துண்டுப் படம், மணி 1.12. மாராத்தாள் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறார், தலையில் சாக்கு. தெளிவாக முகம். ஒரு மணி, அவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம். அப்பா ஹால் கட்டிலில் தூங்குகிற நேரம்.

முதலில் வந்தது சந்தோஷம். காமெரா வேலை செய்கிறது என்ற சந்தோஷம். பிறகுதான் அந்த முகம் மாராத்தாளுடையது என்பது உறைத்தது.

அப்பாவிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 11, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை, துவைக்கிற கல்லருகில். அப்பா என் போனை மாராத்தாள் முகத்துக்கு நேரே நீட்டினார். அம்மா பின்வாசலில்.

"இது ஆரு?"

"நாந்தானுங்க."

"நேத்து ஒரு மணிக்கு இங்க உனக்கு என்ன வேல?"

"ஒரு மணிக்கு நான் ஊட்டுலீங்க, சோறு தின்னுட்டு இருந்தேன். இது சாயங்காலமுங்க. அடுப்புக்குத் தேங்கா மட்டை எடுத்துட்டுப் போனது. எப்பவும் எடுக்கறதுதானுங்க, அம்மா சொல்லித்தான்."

அம்மா வாய் திறக்கவில்லை.

"சாயங்காலமா? மணி என்ன போட்டிருக்குதுன்னு படிக்கத் தெரியுமா உனக்கு?"

மாராத்தாள் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சின்னவரே, உங்க மிசினு பொய் சொல்லுமுங்களா?"

"மிசின் பொய் சொல்லாது" என்றேன்.

நான்தான் சொன்னேன். மேடை கிடைத்தால் சமத்துவம் பேசுகிறவன்.

அவர் இன்னொரு முறை படத்தைப் பார்த்தார். சிரித்தார், வாயால் மட்டும். "ஒரு மணிக்கு நெழலு காலடியிலதானுங்க கெடக்கும். இதுல என்ற நெழலு கொட்டாய்ச் செவுத்து மேல ஏறி நிக்குது. இது எந்த ஊரு ஒரு மணிங்க?"

அப்பா: "ஸ்டேஷன்ல வந்து இந்த நெழல் கதையச் சொல்லு. நாளைல இருந்து இந்தப் பக்கம் வராதே."

மாராத்தாள் களைக்கொத்தைத் தொழுவத்துக் கூரையில் செருகிவிட்டுப் போனார். வரப்பு வழியாகத்தான்.

மாலை அப்பா போனில் யாரிடமோ: "ஞாயித்துக்கெழமை வா, ரண்டு பேரும் ஸ்டேஷன் போயிட்டு வந்தர்லாம். படம் இருக்குது."

மார்ச் 12, வியாழன்

தூக்கமில்லை. காலையில் செவ்வாய்க்கிழமைக் கோப்புகளை வரிசையாக எடுத்தேன்.

1.03 கோழி
1.12 மாராத்தாள், சாக்கு
1.13 நாய்
4.46 அம்மா, டீ டம்ளருடன்

1.03இல் கோழியின் நிழல் அதன் காலடியிலேயே. ஒன்பது நிமிடம் கழித்து மாராத்தாளின் நிழல் அவரைவிட நீளம். அவர் சொன்னதுதான். அதற்குப் பிறகு மணி மூன்றரை மணி நேரம் தாவுகிறது.

எனக்கு இது தெரியும். அதுதான் கேவலம். இந்தப் போர்டில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்டை நிறுத்தினால் நேரம் நின்றுவிடும். மறுபடி போட்டால், கடைசியாகக் குறித்துவைத்த மணியிலிருந்து ஓட ஆரம்பிக்கும். நெட் வந்த பிறகுதான் சரியான மணியை வாங்கித் திருத்திக்கொள்ளும். நெட் பெட்டி உயிர் பெற மூன்று நான்கு நிமிடம். அந்த இடைவெளியில் எடுத்த படத்தில் எல்லாம் பொய் மணி. மாராத்தாள் அந்த இடைவெளியில் நடந்திருக்கிறார்.

சோதனை: 1.12க்குக் கொட்டகை வாசலில் நானே நின்று படம். நிழல் செருப்பளவு. 4.40க்கு மறுபடி. நிழல் சுவரில் ஏறியது.

அடுத்த கேள்வி. யார் நிறுத்தியது? கரண்ட் போகவில்லை. போயிருந்தால் மின்விசிறி நின்று அப்பா முழித்து ஊரையே திட்டியிருப்பார். அந்த ஒரு ஸ்விட்ச் மட்டும்.

மாராத்தாள். ஸ்விட்ச் வீட்டுக்குள். முடியாது.
நான். மாலை வரை வீட்டில் இல்லை.
அப்பா. குறட்டை.

நான்காவது பெயரை எழுதவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் மதியம் தேங்காய் வியாபாரி காதர் பாயின் வண்டி ஆரன் கேட்கும். செவ்வாய், வெள்ளி. நாளை வெள்ளி.

மார்ச் 13, வெள்ளி

பக்கத்து ஊர் பட்டஞ்சேரி வரை போகிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டியை வாய்க்கால் மேட்டில் நிறுத்தி, தொழுவத்தில் வந்து உட்கார்ந்தேன். பெற்ற தாயை வேவு பார்க்கிறவன். சாணி நாற்றம் பொருத்தமாக இருந்தது.

ஒரு மணி தாண்டி ஆரன், இரண்டு முறை, சின்னதாக. காமெராவின் விளக்கு அணைந்தது. அம்மா கூடையோடு வந்தார்.

பாய்: "பெருசாப் பாத்துப் போடுங்கம்மா, சிறுசு எவன் வாங்கறான்?"

"மெதுவாப் பேசுங்க பாய். அவரு முழிச்சுக்குவாரு."

"எங்க ஊட்டுலயும் இதே கதைதான். நான் தூங்கறப்ப அவ என்ன விக்கிறான்னு யாருக்குத் தெரியும்."

பாய் போனதும் எழுந்து நின்றேன். அம்மா கூடையைக் கீழே வைத்தார். பதற்றம் இல்லை. களைப்பு.

"எத்தன நாளா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னால இருந்து. ஒரு ரவிக்கைத் துணி எடுக்கோணும்னா உங்கொப்பன் கிட்ட நின்னு கேட்டுப் பாரு, அப்பத் தெரியும்."

"மாராத்தாள் பேர் கெடுதேம்மா."

"அன்னிக்கு ஸ்விட்சத் திருப்பிப் போட மறந்து சாயங்காலந்தான் போட்டேன். ரண்டு நாள் கத்திப்போட்டு விட்டுருவாருன்னு நெனச்சேன் கண்ணு."

"ஞாயித்துக்கெழமை ஸ்டேஷன். மட்டை எடுக்கச் சொன்னது நீதான்னு கூட நீ சொல்லல."

அம்மா கொடியில் கிடந்த துணியை மடித்தார். மடித்ததையே மறுபடி.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" முதல் முறையாக 'நீங்க'.

அம்மா வேலைக்கு இந்த வீட்டில் சம்பளம் இல்லை. தெரியும். கோபத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. ஆனால் அம்மா முன் கேட் வழியாக வருகிறவர்.

மார்ச் 14, சனி

காலைச் சாப்பாட்டின்போது அம்மாவே சொன்னார். தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே. "ஏனுங்க, அந்தத் தேங்கா நாந்தான் வித்தேன். அவ இல்ல."

நான் போர்டின் கடிகாரத்தையும் நிழலையும் விளக்கினேன். அப்பா கேட்டாரா தெரியாது. தோசையைப் பிய்க்காமல் வைத்திருந்தார்.

"நம்ம தேங்கா. நீ வித்தா அது திருட்டா? கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டனா?"

"மாட்டீங்க" என்றார் அம்மா.

அப்பா தட்டைத் தள்ளவில்லை, கத்தவில்லை. சாப்பிட்டு முடித்தார். கை கழுவி வந்து என்னிடம்: "அதக் கழட்டி முன்னாடியே மாட்டு. ஊட்டுப் பொம்பளையப் படம் புடிக்கறதுக்கா வெச்சது?"

"மாராத்தாள் கிட்ட என்னங்ப்பா சொல்றது?"

"திங்கக்கெழமை வேலைக்கு வரச் சொல்லு."

"அவ்வளவுதானுங்களா?"

"பின்ன? கால்ல உளுவோணுமா?"

அதே தேங்காய், அதே கொட்டகை. நேற்று வரை ஸ்டேஷன். இன்று வீட்டு விஷயம்.

அம்மா பத்துத் தேங்காயைச் சாக்கில் கட்டி என்னிடம் தந்தார். "இதக் குடுத்துப்போட்டு வா. நான் குடுத்தேன்னு சொல்லு." தான் வரவில்லை.

மாராத்தாள் வீடு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். தகர நிழலில் உட்கார்ந்து விளக்குமாற்றுக்கு ஈர்க்குச் சீவிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

காமெரா மணி தப்பு என்றேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன்.

"அன்னிக்கே சொன்னனேங்க."

"தேங்கா எடுத்தது அம்மா."

"தெரியுமுங்க. பாய் வண்டி ஆரன் இங்க வரைக்கும் கேக்கும்."

"ஏங்க்கா சொல்லல?"

"ஆருகிட்டீங்க? உங்ககிட்டயா? மிசினு பொய் சொல்லாதுன்னு நீங்க அடிச்சுச் சொன்னப்பறம்?"

மறுபடி ஈர்க்குச் சீவ ஆரம்பித்தார். சாக்கை வாசலில் வைத்தேன்.

"இது எதுக்குங்க?"

திரும்பிப் பார்க்காமல் வாய்க்காலைத் தாண்டி வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லவும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

காலை ஏழு மணி. மூட்டம், காற்று இல்லை. கடிகாரத்துக்குத் தனி பேட்டரிச் சில்லு பொருத்தினேன். பாலக்காட்டில் நேற்று மாலை வாங்கியது. ஸ்விட்சை அணைத்து, அரை மணி நேரம் விட்டு, நெட் இல்லாமல் போட்டுப் பார்த்தேன். மணி சரி. காமெரா மறுபடி முன் கேட்டைப் பார்த்து.

இன்றைய குறிப்பு:

8.10 பால்காரர்
8.31 வாழை இலை
9.46 மாராத்தாள்

ஸ்டேஷனுக்குக் கூட வர இருந்தவர் வரவில்லை, அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் போல. அப்பா முன்படியில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். நான் சன்னலில்.

துண்டுப் படத்தை நான்கு முறை பார்த்தேன். தலையில் சாக்கு. கேட்டுக்கு வெளியே நிற்கிறார். தாழ்ப்பாளை மேலே தூக்குகிறார், வரவில்லை. பக்கவாட்டில் இழுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அதைத் தொட்டதில்லை. இரண்டாம் முறை திறக்கிறது. நேராக நடந்து வந்து, அப்பா காலுக்குப் பக்கத்தில், படியில் சாக்கை இறக்குகிறார். அப்பா காலை இழுத்துக்கொள்கிறார். மாராத்தாள் ஏதோ சொல்கிறார். காமெராவில் ஒலி கிடையாது. ஆனால் நான் கேட்டேன்.

"எண்ணிப் பாத்துக்குங்க. பத்து."

பிறகு அண்ணாந்து காமெராவைப் பார்க்கிறார். போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார், ஏழெட்டு நொடி. மூட்டம் விலகிய நேரம். நிழல் மேற்கே, ஆள் நீளத்துக்கு. திரும்பி, கேட் வழியாகவே போகிறார். மூடவில்லை.

அப்பா: "அத அழிச்சுரு."

அழிக்கவில்லை.

"இந்தச் சாக்க எடுத்து உள்ள வெய்யி" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுக்களையிலிருந்து வரவில்லை. "எடுடா" என்றார் என்னிடம். நானும் எழவில்லை. அவர் குனிந்தார், காமெராவை ஒரு பார்வை பார்த்தார், நிமிர்ந்து உள்ளே போய்விட்டார்.

மாலை ஆறு. சாக்கு படியிலேயே இருக்கிறது. கேட் திறந்தே கிடக்கிறது.